கரண்டுக்கு யார் பொட்டு வைத்தது?

18 அக்டோபர் 1993, திங்கள்

மேடவாக்கத்தில் கடைசி வீடும் சம்மதித்துவிட்டது! என் வேனில் வேலைக்கு வரப்போகிற பச்சையம்மாவின் அப்பாதான் பாக்கி இருந்தார். காப்பி ஆறி ஆடை கட்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வண்டி ஓட்டறது நீதானேம்மா? உன் வூட்டுக்காரரு இல்லியே?"

நான்தான் என்றேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், அவருக்கு விசில் ஊதத்தான் தெரியும், ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது என்றும் சொன்னேன். சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம்தானே?

ஆக, ஏழு பெண்கள். தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி, செகண்டு ஷிப்ட். மதியம் கொண்டுபோய் விட்டு, இரவு கேட் வாசலில் நின்று கூட்டி வந்து அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். பொம்பளை ஓட்டினால் அனுப்புகிறோம், இல்லாவிட்டால் அந்த வேலையே வேண்டாம் என்று ஏழு வீட்டிலும் ஒரே பேச்சு. வருகிற திங்கட்கிழமை, 25ஆம் தேதி, ஏழு பேரும் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

வேன் பழைய மெட்டடோர். அத்தை மனை விற்று வாங்கியது, அத்தை பேரில்தான் இருக்கிறது. என் மாமியார் கங்கையம்மாள் எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். "இருவத்தஞ்சாந்தேதி வண்டி ஓடுச்சுன்னா உனுக்கு. ஓடலன்னா ஏகநாதன் கேட்டுக்கினு கீறான், அவனுக்கு. அப்பால என்னாண்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

ஏகநாதன் என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுச் செங்கல் ஏற்றலாம் என்று அவருக்கு ஆசை. என் வேனில் செங்கல்! நினைத்தாலே உடம்பெல்லாம் எரிகிறது.

20 அக்டோபர், புதன்

சீட் கவர் தைத்து வந்துவிட்டது. நீலம். ஒரு சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததில் உட்கார்ந்து, எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

21 அக்டோபர், வியாழன்

என் கை ஒடியட்டும். ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்!

ஒழுங்காக எழுதுகிறேன். சனிக்கிழமை ஆயுத பூஜை. பூஜைக்கு நிற்கிற வண்டி பளிச்சென்று இருக்க வேண்டாமா? இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருக்கிற மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக இன்ஜினைக் கழுவ உட்கார்ந்தேன். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வலதுபக்கம் ஒரு மவுண்டிங், இடதுபக்கம் ஒன்று. இடதுபக்கத்தை இன்ஜின் பிளாக்கோடு சேர்த்துப் பிடிப்பது மூன்று போல்ட். அழுக்குப் போனதும் பார்க்கிறேன், ஒன்றுக்குத் தலையே இல்லை! எப்போதோ உடைந்து, மிச்சம் பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் இரண்டு போல்ட்டில்தான் ஓடியிருக்கிறது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற ஜாதியா நான்? இருக்கிற இரண்டையாவது நன்றாக இறுக்கிவிடலாம் என்று பத்தொன்பது நம்பர் ஸ்பேனரை மாட்டி, வாலில் ஒரு பைப்பைச் செருகி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று—

டக்.

கையில் கனமே இல்லை. போல்ட்டின் தலை மட்டும் மடியில் வந்து விழுந்தது. இன்ஜின் இடதுபக்கமாகச் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரை உரசுகிற மாதிரி நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் போச்சு.

அத்தை அந்த நேரம் பார்த்து மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள்.

"இன்னாடி அது?"

"போல்ட்டு, அத்த."

"அது வெளிய இருக்கணுமா, உள்ள இருக்கணுமா?"

"உள்ள."

"அப்ப ஏன் வெளிய கீது?"

மூத்தாரும் வந்தார். சாய்ந்திருந்த இன்ஜினைப் பார்த்தார். உடைந்த போல்ட் தலையை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உடைந்த சாமானைக்கூட விட மாட்டார் போலிருக்கிறது.

22 அக்டோபர், வெள்ளி

காலையில் முதல் வேலையாக எங்கள் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற தசரதனைக் கூட்டி வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நான் உடைத்தது துவரம்பருப்பு அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம். பழையது பிளாக்குக்குள் நகக்கண் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதாம்.

"துரு புடிச்சு இறுகிக்கிச்சும்மா. நடுவுல ட்ரில்லு போட்டு, அந்த ஓட்டையில ஈஸி-அவுட்டு வுட்டுத் திருப்பணும். அது தலைகீழ் மரை போட்ட ஆணி, திருப்பத் திருப்பக் கவ்விக்கினு போல்ட்டை வெளிய இழுக்கும். ஆனா அது உள்ள ஒடிஞ்சுதுன்னா பேஜாரு. எந்த ட்ரில்லும் அதைத் தொடாது. இன்ஜினையே இறக்கணும்."

"சரிண்ணா, ட்ரில்லை எடுத்துக்கினு வாங்க."

"ட்ரில்லு பூஜையில கீதே!"

"எடுக்கக் கூடாதா?"

"பொட்டு வச்ச மிசின்மா! ஞாயித்துக்கெழம மறுபூஜ. பசங்கல்லாம் ஊருக்குப் போறானுங்கன்னு நேத்தே பூஜ போட்டுட்டோம். செவ்வாக்கெழம பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமை! திங்கட்கிழமை மதியம் ஏழு பெண்கள் ஏழு வாசலில் நிற்பார்களே!

பல்லாவரம் வரைக்கும் ஒரு பட்டறை விடாமல் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதே கதை. ட்ரில்லுக்கு மாலை, வைஸுக்குச் சந்தனம். ஒரு பட்டறையில் ஸ்பேனர்களைச் சின்னது பெரியது என்று வரிசையாக வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள், பந்திக்கு வந்தவர்கள் மாதிரி. வேறு நாளாக இருந்தால் அழகு என்று நின்று பார்த்திருப்பேன்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து இவர் வந்தார். ஆறுதல் சொன்னார்: "டிக்கெட்டு கிழிஞ்சா வேற டிக்கெட்டு குடுத்துடலாம். போல்ட்டுக்கு அப்படி இல்ல, இல்ல?" இதற்கு இவர் சும்மா இருந்திருக்கலாம்.

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னார். "அண்ணன் இன்னிக்கு என் பஸ்ஸுலதான் வந்தான். மவுண்ட் ரோடு பக்கம் போயிட்டு வரானாம். மடியில ஒரு பொட்டலம், நல்ல கனம். இன்னாடான்னா சிரிக்கிறான்."

பூஜைக்கு வெண்கல மணி ஏதாவது வாங்கியிருப்பார் என்றேன். மூத்தார் பொட்டலமா இப்போது முக்கியம்?

23 அக்டோபர், சனி. ஆயுத பூஜை

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் பூஜை. கிணற்றடிக் கொட்டகையிலிருக்கிற மோட்டாருக்கு அத்தை தானே மாலை போட்டுப் பொட்டு வைத்தாள். நிலம் போன பிறகு அந்தக் கிணறுதான் அவளுக்கு எல்லாம். தண்ணி லாரிக்காரர்கள் அவளைக் கேட்டுத்தான் பைப் மாட்டுவார்கள். பொட்டு வைத்த மோட்டார் திங்கட்கிழமை வருகிற முதல் லாரிக்குத்தான் ஓடும். எங்கள் வீட்டு வழக்கம்.

பிறகு வேன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். வண்டி ஏறி நசுக்கினால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. வண்டியோ ஸ்டார்ட் ஆகக் கூடாது! தெருவே கூடித் தள்ளியது. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரையும்விட வேகமாகத் தள்ளியது யார்? ஏகநாதன் மாமா. தன் வண்டியைத் தள்ளுகிற மாதிரியே தள்ளினார். மூன்று பழம் நசுங்கியது, ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடிவிட்டது. அத்தை விடுவாளா? வேறு பழம் வைத்து, வண்டியைப் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் தள்ளச் சொன்னாள். கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணுகிறேன்.

தள்ள வந்தவர்களில், மேடவாக்கத்திலிருந்து பூஜை பார்க்க வந்த பச்சையம்மாவும் இருந்தாள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண் விரிந்தது.

"அக்கா! நாங்க வேலை கேட்டுப் போனப்ப கம்பெனி கேட்டுக்கு வெல்டிங் வச்சாரே, பொழிச்சலூர் ஜெபசீலன் அண்ணா! அவரு கிறிஸ்டியன். அவரு சாமானுக்கு யாரு பொட்டு வச்சிருக்கப் போறாங்க?"

அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். புடவையைக்கூட மாற்றவில்லை. பல்லாவரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு ஆட்டோ.

பட்டறையைப் போய்ப் பார்த்தால் ட்ரில்லிங் மெஷினுக்கு மாலை! ஆளைத் தேடிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர்கள் பாஸ்டர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கிறிஸ்டியன்தான் சிஸ்டர். ஆனா பட்டறையில வேலை செய்யறவங்க பூஜை போடுறவங்க. அவங்க மனசு நோகக் கூடாது இல்லையா? வெல்டிங் செட்டு மட்டும் இங்க வேலைக்கு வந்துட்டதால தப்பிச்சுது."

"ட்ரில் இல்லாம எடுக்கவே முடியாதாண்ணா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "முடியும். போல்ட் முனையில ஒரு நட்டை வச்சு, நட்டு ஓட்டைக்குள்ள வெல்டிங் நிரப்பினா ரெண்டும் ஒண்ணாயிடும். அப்புறம் ஸ்பேனர் போட வேண்டியதுதான். அந்தச் சூட்டுல துருவும் விட்டுக் கொடுக்கும். பார்க்கப் போனா ட்ரில்லைவிட இதுதான் நல்லது, பிளாக் மரைக்குச் சேதம் வராது."

எனக்குக் குதிக்கத் தோன்றியது. கல்லறைத் தோட்டமாச்சே என்று அடக்கிக்கொண்டேன். "அப்ப நாளைக்கே வந்துடுங்கண்ணா!"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை சிஸ்டர். ஞாயித்துக்கிழமை நான் வேலை செய்ய மாட்டேன்."

அவ்வளவுதான். வாய் அடங்கவில்லை எனக்கு. "சனிக்கெழம எங்க சாமிக்கு, ஞாயித்துக்கெழம உங்க சாமிக்கு. மனுசங்களுக்குன்னு ஒரு கெழம கெடையாதா? ஏழு பொண்ணுங்க திங்கக்கெழம வேலைக்குப் போவணும்!" என்று கத்தியேவிட்டேன். பாஸ்டர் இருக்கிறார் என்பதுகூட மறந்துவிட்டது.

அந்தப் பாஸ்டர்தான் பேசினார். மெதுவாகச் சொன்னார்: "கூலி வாங்கினா அது வேலை, ஜெபசீலன். வாங்கலைன்னா அது உதவி."

ஜெபசீலன் தலையைச் சொறிந்தார். "ஆராதனை முடிஞ்சதும் வந்துடறேன். வீட்டுல த்ரீ ஃபேஸ் லைன் இருக்குதா? சாதா லைன்ல என் செட்டு இழுக்காது."

இருக்கிறது, இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்து பஸ் ஏறினேன். கீழ்க்கட்டளை வருவதற்குள் உறைத்தது. த்ரீ ஃபேஸ் இருக்கிறது. எங்கே இருக்கிறது? மோட்டார் கொட்டகையில். மாலை போட்டு, பொட்டு வைத்து, பூட்டி, சாவி அத்தை இடுப்பில்.

24 அக்டோபர், ஞாயிறு. காலை

கேட்டுவிட்டேன். முடியாது என்றுவிட்டாள்.

"மோட்டாரத் தொட மாட்டோம் அத்த. பக்கத்துப் பெட்டியிலேர்ந்து கரண்டு மட்டும் எடுத்துக்கறோம்."

"பூஜ போட்ட கொட்டாய்டி அது."

"மோட்டாருக்குப் பொட்டு வச்சீங்க. ஸ்டார்ட்டருக்கும் வச்சீங்க. கரண்டுக்கு யாரு பொட்டு வச்சது?"

அத்தை என்னை முறைத்துப் பார்த்தாள். சாவி மட்டும் வரவில்லை. ஜெபசீலன் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். அதுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நகக்கண்ணில் இன்னும் கருப்பு போகவில்லை. போகவே வேண்டாம்!

சர்ச் போன வெள்ளைச் சட்டையோடேயே ஜெபசீலன் வந்தார். வெல்டிங் செட் மீன்பாடி வண்டியில் வந்தது. அத்தை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்க வூட்ல இன்னிக்கு வேல செய்யலாமா?"

"செய்யக் கூடாதும்மா. கூலி வாங்காம செஞ்சா பரவாயில்லைன்னு பாஸ்டர் சொன்னார்."

அத்தை இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவினாள். "உங்க சாமி இம்மாந்தூரம் எறங்கி வர்றாரு. எங்க ஆத்தா ஒரு படி எறங்க மாட்டாளா?" என்று சொல்லிவிட்டு, ஒரு வில்லை கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுத்தான் கொட்டகையைத் திறந்தாள். மோட்டார் மேல் ஒரு துண்டையும் போர்த்திவிட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. வேலை நடப்பதை ஆத்தா பார்க்காமல் இருக்கவாக இருக்கும்.

வேலை ஆரம்பித்தது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினோம். இன்ஜினுக்கு அடியில் பனங்கட்டையை வைத்து ஜாக்கியால் முட்டுக் கொடுத்தோம். டீசல் பைப் மேல் ஈரச் சாக்கு. உயிரோடிருந்த அந்த மூன்றாவது போல்ட்டையும் கழற்ற வேண்டும். அது உடையக் கூடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், வந்துவிட்டது. மவுண்டிங்கை எடுத்ததும் இரண்டு முனையும் பளிச்சென்று தெரிந்தன.

முதலில் நான் உடைத்தது. நட்டை வைத்தார், நெருப்புப் பொறி பறந்தது, நட்டு பழுக்கச் சிவந்தது. சிவப்பு அடங்குகிற நேரம் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து போல்ட் ஓரத்தில் தேய்த்தார். கல்லறைத் திருநாளுக்கு வாங்கி வைத்ததாம். மெழுகு உருகி மரைக்குள் ஓடியது.

"என் கை உள்ள நுழையல சிஸ்டர். நீங்க திருப்புங்க. முதல்ல ஒரு இழை இறுக்குங்க, அப்புறம் கழட்டுங்க."

"இறுக்கணுமா? நான் மாட்டேன்! இறுக்கித்தான இந்தக் கதியே!"

"இறுக்கினாத்தான் துருவோட பிடி விடும். கொஞ்சமா."

பைப் இல்லை. வெறும் ஸ்பேனர். கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழை இறுக்கினேன். திருப்பிக் கழற்றினேன். சுற்றுகிறது! அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது! தெருவே கை தட்டியது.

ஆழத்திலிருந்தது அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. குழிக்குள் சொட்டுச் சொட்டாக வெல்டிங்கை நிரப்பி மேலே கொண்டு வந்து, அதன்மேல் நட்டு வைக்க வேண்டும். வைத்தார், திருப்பினேன், நட்டு மட்டும் தனியாக வந்துவிட்டது. மறுபடி வைத்தார், மறுபடியும் அதே. ஜெபசீலன் முகத்தில் வேர்வை. "வோல்டேஜ் இல்ல சிஸ்டர். செட்டு அழுவுது. வெல்டிங் பிடிக்க மாட்டேங்குது."

அத்தை ரோட்டுக்குப் போனாள். அவள் குரல் இருக்கிறதே! "எவன் வூட்ல கிரைண்டர் ஓடுதோ நிறுத்து! மிக்ஸி, டேப்பு, எல்லாத்தியும் நிறுத்து! கோயிலாண்ட போய் அந்த ஸ்பீக்கர நிறுத்தச் சொல்லு, கங்கையம்மா சொன்னான்னு சொல்லு!"

எங்கள் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. விஜயதசமி அன்றைக்கு, நடுப்பகலில்! இன்னொரு நட்டு. இந்தத் தடவை பொறியின் சத்தமே வேறு மாதிரி, எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது. மெழுகு. காத்திருந்தோம். ஓர் இழை இறுக்கினேன்.

கிறீச்.

அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கடைசிவரை என் விரலாலேயே சுற்றி எடுத்தேன். சூடு பொறுக்க முடியவில்லை, ஆனாலும் விடவில்லை. துருவோடு, எத்தனை வருஷமாக உள்ளே இருந்ததோ, ஒரு கட்டை விரல் நீளம். அதைத் தூக்கிப் பிடித்து ஊளையிட்டேன் என்று இவர் சொல்கிறார். இருக்கலாம்!

நல்ல பழைய போல்ட்டை மண்ணெண்ணெயில் தோய்த்து மூன்று ஓட்டைக்கும் விட்டு எடுத்து மரையைச் சுத்தம் செய்தார் ஜெபசீலன். பிறகு கையை நீட்டினார். "புது போல்ட்டைக் குடுங்க."

புது போல்ட்! அதை நான் நினைக்கவே இல்லையே! ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி. எந்தக் கடை திறந்திருக்கும்?

என் வீட்டுக்காரர்தான் மெல்லக் கனைத்தார். "வெள்ளிக்கெழம அண்ணன் மடியில ஒரு பொட்டலம்…"

எல்லாத் தலையும் ஏகநாதன் மாமா பக்கம் திரும்பியது. அவர் வானத்தில் ஏரோப்ளேனைத் தேடினார்.

"ஏகநாதா, மவுண்ட் ரோட்லேந்து இன்னாடா வாங்கியாந்த?" என்றாள் அத்தை.

"…போல்ட்டு."

"எதுக்கு?"

"இல்லம்மா… செவ்வாக்கெழம வண்டி நம்மாண்ட வந்துடுமேன்னு… அளவுக்கு அந்த ஒடிஞ்ச தலையக் காட்டி…"

தெரு சிரித்த சிரிப்பில் நிறுத்தி வைத்த ஸ்பீக்கரே தானாகப் பாடியிருக்கும். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "போய் எடுத்தா" என்றாள்.

ஓடினார். மூன்று புது போல்ட், வாஷரோடு. என் கையில் கொடுக்கும்போது, "சாதா சரக்கு இல்ல, நல்ல கம்பெனி" என்று வேறு சொன்னார். உண்மையிலேயே நல்ல போல்ட்தான். அதை மறைக்கக் கூடாது.

பைப் இல்லாமல் இறுக்கினேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். பேட்டரி வயரை மாட்டி, சாவியைத் திருப்பினேன்.

ஓடியது. ஆடவில்லை, உரசவில்லை. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன?

ஜெபசீலன் கிளம்பும்போது அத்தை ஒரு தூக்கு நிறையச் சுண்டல் கொடுத்தாள். "இது கூலி இல்லையே?" என்று அவர் தயங்கினார்.

"சுண்டலு எப்பய்யா கூலியாச்சு?" என்றாள் அத்தை.

25 அக்டோபர், திங்கள்

போனேன். வந்தேன். ஏழு பேரையும் ஏழு வாசலில் இறக்கிவிட்டேன். பச்சையம்மாவின் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே நின்றிருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

26 அக்டோபர், செவ்வாய்

காலையில் அத்தை: "ஓடுச்சா?"

"ஓடுச்சு, அத்த."

"ம்."

அவ்வளவுதான். அந்த "ம்"மை இன்றைக்கு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேனோ!

காலையில் தசரதன் ட்ரில்லோடு வந்து நின்றார். வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, "யாரும்மா எடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். முக்கால்வாசி உண்மைதானே?

2 நவம்பர், செவ்வாய். கல்லறைத் திருநாள்

காலையில் ஜெபசீலன் வீட்டாரையும் அவர்கள் சபைக்காரர்களையும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போனேன். அந்தக் கேட் நன்றாக இருக்கிறது. கூலி கொடுக்க வந்தார், வாங்கவில்லை. வாங்கினால் அது வேலையாகிவிடும் என்று சொன்னேன். பாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

9 ஜூன் 1994, வியாழன்

பச்சையம்மாவுக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது! மேடவாக்கம் ஏரிக்கரையில் பழகிக் கொடுத்தேன். கிளச்சை அவள் விடுகிற வேகத்தில் என் பல் எல்லாம் ஆடுகிறது. கம்பெனியில் இன்னொரு வேன் வேண்டும் என்கிறார்கள். மூத்தார் நேற்று வந்து, "ரெண்டாவது வண்டி வாங்கினா, அதையும் பொம்பளதான் ஓட்டணுமா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். போல்ட் வாங்குகிற வேலையை உங்களுக்கே கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

13 அக்டோபர் 1994, வியாழன். ஆயுத பூஜை

இந்த வருஷம் எலுமிச்சம்பழத்தை யாரும் தள்ளி நசுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டார்ட் செய்து நானே ஏற்றினேன். ஒன்றுகூட உருண்டு ஓடவில்லை.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்துத் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தேன். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஜாக்கிக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு. பத்தொன்பது நம்பர் ஸ்பேனர் வந்ததும் அவள் கை நின்றது. அதை எடுத்தாள், முந்தானையில் துடைத்தாள், பொட்டு வைக்கவில்லை. எழுந்து போய் வேன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டாள்.

"இன்னாத்த இது, பூஜைக்கு வேணாமா?"

"அது இருக்கட்டும்" என்றாள். "நாளைக்கு எவளாச்சும் வண்டிய ஒடச்சிக்கினு வாசல்ல வந்து நிப்பா."

பிறகு இடுப்பிலிருந்து கொட்டகைச் சாவியை உருவி, அதையும் ஸ்பேனர் பக்கத்தில் வைத்தாள்.